ஊசி குத்தியதை யாரிடமும் சொல்லவில்லை, நர்சிங்கை விட்டுவிடலாமா?

இளநிலை நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு இப்போது பொது மருத்துவ வார்டில் கிளினிக்கல் போஸ்டிங், அதாவது நேரடிப் பயிற்சி. ஒரே இன்ஸ்ட்ரக்டர் மூன்று வார்டுகளைக் கவனிப்பதால் பெரும்பாலும் அவர் கண்ணில் படுவதில்லை. காலையில் போனதும் எல்லா பெட்டுக்கும் வைட்டல்ஸ் (காய்ச்சல், நாடி, மூச்சு, பிபி) எடுப்பது, விரிப்பு மாற்றுவது, நோயாளிகளைத் துடைத்துவிடுவது, லேபுக்கு சாம்பிள் கொண்டுபோவது என்றே நேரம் போய்விடுகிறது. ஒரு நாள் ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் மருந்து ஏற்றிய சிரிஞ்சைக் கையில் கொடுத்து, "நாலாம் பெட்டுக்குப் போட்டுட்டு வா" என்றிருக்கிறார். இவர் தயங்கி மறுத்ததும், "மூணாம் வருஷம் வந்தும் ஒரு ஊசி போடத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் திட்டு விழுந்தது. அதற்குப் பிறகு அந்த வார்டில் யாரும் இவருக்கு எதையும் சொல்லித் தருவதில்லை. செய்து பார்த்த வேலைகளைக் குறித்துக் கையெழுத்து வாங்கும் லாக் புக்கில் பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது. தோழிகள் செய்யாததையும் செய்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், இவரையும் அப்படியே செய்யச் சொல்கிறார்கள். எப்போதாவது இன்ஸ்ட்ரக்டர் வந்து பக்கத்தில் நின்றால் கை நடுங்குகிறது. கேஸ் ஸ்டடி எழுத வசதியாக இருக்கட்டும் என்று ஒரு நோயாளியின் சார்ட்டை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

கடைசிப் பத்தியில், "இது பெரிய விஷயமில்லை, ஆனாலும் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து இன்னொன்றையும் எழுதியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் ரத்தம் எடுத்துவிட்டு வைத்த டிரேயை ஒதுங்க வைக்கும்போது, திறந்து கிடந்த ஊசிக்கு மூடி போட முயன்றிருக்கிறார். ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஏறிவிட்டது. கழுவிவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். "நோயாளியின் ஃபைலில் எந்தத் தொற்றும் குறிப்பிடவில்லை, எனக்கும் இதுவரை காய்ச்சல் எதுவும் வரவில்லை. இந்தப் படிப்புக்கு நான் லாயக்கில்லை என்று தோன்றுகிறது, விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ளப் போகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

முதலில் அந்த ஊசி

ஃபைலில் தொற்று பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றால் நோயாளிக்குத் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை. பல நேரம் அந்தப் பரிசோதனையே செய்திருக்க மாட்டார்கள். காய்ச்சல் வரவில்லை என்பதும் எதையும் உறுதிப்படுத்தாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பெரும்பாலானவர்களுக்கு ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் உள்ளே தங்கக்கூடியவை. இந்த இரண்டு நம்பிக்கைகளையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அதே நேரம் பயத்துக்கும் ஓர் அளவு இருக்கட்டும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு 1,000-இல் சுமார் 3. ஹெபடைடிஸ் சிக்கு அது சுமார் 2 சதவீதம், சமீபத்திய கணக்குகளில் அதைவிடவும் குறைவு. ஹெபடைடிஸ் பி விஷயம் வேறு. தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவருக்கு, நோயாளியின் ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து 6 முதல் 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. இவையெல்லாம் நோயாளிக்கு அந்தத் தொற்று இருந்தால்தான் பொருந்தும். ஆகவே உங்கள் விஷயத்தில் பெரிய கேள்வி ஒன்றுதான்: ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் எல்லாத் தவணைகளையும் போட்டுக்கொண்டீர்களா? அதற்குப் பிறகு எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பரிசோதித்தார்களா? அந்தப் பரிசோதனையில் 10 அலகோ அதற்கு மேலோ வந்திருந்தால் ஹெபடைடிஸ் பி கவலையை விட்டுவிடலாம். தவணையைப் பாதியில் விட்டிருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள்.

எச்ஐவி தடுப்பு மாத்திரைகளை குத்திய சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. அதிகபட்சம் 72 மணி நேரம், தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த வாய்ப்பு உங்களுக்குப் போய்விட்டது. ஆனால் பரிசோதனைக்கான காலம் போகவில்லை. ஹெபடைடிஸ் சி வைரஸை நேரடியாகத் தேடும் ரத்தப் பரிசோதனையை குத்திய மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் செய்வார்கள், நீங்கள் சரியாக அந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள். எச்ஐவிக்கு இப்போது ஒரு முறை, ஆறாவது வாரத்தில் ஒரு முறை, நான்காவது மாதத்தில் ஒரு முறை என்பது போல மருத்துவர் அட்டவணை தருவார். ஒருவேளை ஹெபடைடிஸ் சி என்று வந்தாலும், இன்று அது சில மாத மாத்திரைகளில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் குணமாகிவிடுகிறது. முடிவுகள் வரும்வரை ரத்ததானம் மட்டும் செய்யாதீர்கள்.

நாளைக் காலை இன்ஸ்ட்ரக்டரிடம் சொல்லுங்கள். அவர் கிடைக்கவில்லை என்றால் மருத்துவமனையின் தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸிடம் நேரே போங்கள். "மூன்று வாரத்துக்கு முன் ஊசி குத்தியது, பயத்தில் சொல்லவில்லை, இப்போது பதிவு செய்ய வேண்டும்" என்றால் போதும். தாமதத்துக்காக நாலு வார்த்தை கேட்க வேண்டியிருக்கலாம். இருந்தாலும் பதிவு இருந்தால்தான் நோயாளியிடம் சம்மதம் பெற்று அவர் ரத்தத்தைப் பரிசோதிக்க முடியும். பின்னால் உங்களுக்கு ஏதாவது என்றால் அது பயிற்சியின்போது ஏற்பட்ட காயம் என்பதற்கும் அந்தக் காகிதம்தான் சாட்சி. பதிவின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஊசிக்கு மூடி போடப் போனது தவறுதான். பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடவே கூடாது, அப்படியே ஊசிகளுக்கான ஷார்ப்ஸ் பாக்ஸில் போட்டுவிட வேண்டும். ஆனால் ஊசியைப் பயன்படுத்தியவரே அதை அந்தப் பெட்டியில் சேர்க்க வேண்டும் என்பதும் அதே அளவு அடிப்படையான விதி. திறந்த ஊசி டிரேயில் கிடந்ததே முதல் பிழை, அது உங்களுடையது அல்ல. நீங்கள் வாயைத் திறக்காததால் அந்த வார்டில் இன்றும் ஊசிகள் அப்படியே டிரேயில் கிடக்கலாம், நாளை அது உங்கள் தோழியின் விரலில் ஏறலாம். உங்கள் மீது குற்றம் சுமத்த இதைச் சொல்லவில்லை. புகார் கொடுப்பது தன் தவறை ஒப்புக்கொள்வது மட்டும்தான் என்று நினைத்திருக்கிறீர்கள், அது அப்படியில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சிரிஞ்சை வாங்க மறுத்தது

நீங்கள் செய்தது சரி. அரைகுறையாக இல்லை, முழுக்கச் சரி.

மருந்து கொடுக்கும்போது பார்க்க வேண்டிய ஐந்தையும் முதலாண்டிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். வேறொருவர் ஏற்றி, லேபிள் ஒட்டாமல் கொடுத்த சிரிஞ்சில் இருப்பது என்ன மருந்து, எவ்வளவு என்பதை உங்களால் சரிபார்க்கவே முடியாது. தண்ணீர் போலத் தெரியும் எல்லாமே தண்ணீர் இல்லை. பொட்டாசியம் குளோரைடு அடர் கரைசலும் நிறமற்றதுதான், அதை நேரடியாக ரத்தக் குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடலாம். "நாலாம் பெட்" என்பதும் நோயாளியின் அடையாளம் ஆகாது. பெட் மாறும், ஆளும் மாறுவார். பெயரும் பதிவு எண்ணும் போல இரண்டு அடையாளங்களையாவது கைப்பட்டையில் பார்த்துவிட்டுத்தான் மருந்தைத் தொட வேண்டும். தான் ஏற்றாத மருந்தைத் தான் போடக் கூடாது என்பது அனுபவம் உள்ள நர்ஸ்களுக்கும் பொருந்தும்.

கடிதத்தில் ஓரிடத்தில், "நாங்கள் இன்ஸ்ட்ரக்டரின் லைசென்ஸில்தானே வேலை செய்கிறோம், ஏதாவது ஆனால் அவர்கள் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறீர்கள். மாணவர்களிடம் இந்த எண்ணம் பரவலாக இருக்கிறது, அது தவறு. நர்ஸாக வேலை செய்வதற்கான பதிவு (லைசென்ஸ்) என்பது ஒவ்வொருவரின் தனிப்பட்ட உரிமை, இன்னொருவருடைய பதிவின் கீழ் யாரும் வேலை செய்ய முடியாது. உங்களிடம் ஒரு வேலையை ஒப்படைத்தவர், அதை உங்களிடம் ஒப்படைத்தது சரியா என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதைச் செய்தவர் என்ற முறையில் உங்கள் கை செய்ததற்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டும். கற்றுத் தரப்படாத வேலையை மேற்பார்வை இல்லாமல் செய்வதை மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மாணவர் தனியாக எதைச் செய்யலாம், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் இடையே எழுத்தில் விதி இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

மறுக்கும் விதத்தில் மட்டும் ஒரு சின்ன யோசனை. "மாட்டேன்" என்று நிறுத்தாமல், எப்படியென்றால் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "சிஸ்டர், இதை நான் தனியாகப் போட்டதில்லை. ஆர்டரைப் பார்த்து நானே மருந்தை ஏற்றுகிறேன், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள், போடுகிறேன்." இப்படிச் சொன்னால் பல ஸ்டாஃப் நர்ஸ்கள் இரண்டு நிமிடம் ஒதுக்குவார்கள். ஒதுக்காதவர்களும் உண்டு. அப்படியென்றால் மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்ஸ்ட்ரக்டருக்கு போன் செய்யுங்கள். அந்த ஸ்டாஃப் நர்ஸ் உங்களைத் திட்டியது முறையில்லை. கை நிறைய நோயாளிகளை வைத்துக்கொண்டு அவர் படும் அவசரம் எனக்குப் புரிகிறது, அதற்காக அதை நியாயப்படுத்த மாட்டேன்.

வைட்டல்ஸ் எடுப்பது எடுபிடி வேலையா?

இந்த இடத்தில் உங்களோடு கொஞ்சம் வாதாடப் போகிறேன். "வைட்டல்ஸ், விரிப்பு, துடைத்துவிடுவது, இதிலேயே நாள் போகிறது, எதுவும் கற்கவில்லை" என்கிறீர்கள். லேபுக்கு நடையாய் நடப்பது படிப்பில்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நோயாளியின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறிக்கிறீர்களா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். எந்த வார்டு சார்ட்டை எடுத்துப் பார்த்தாலும் வரிசையாக 18, 20, 18 என்றே மூச்சு எண்ணிக்கை எழுதியிருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சிரைப்பவருக்கும் அதே 20 இருக்கும். ஆனால் உடல்நிலை மோசமாகப் போவதை பிபி இறங்குவதற்கு முன்பே காட்டிக்கொடுப்பது மூச்சுதான். பிரிட்டனில் 2012 முதல் பயன்படுத்தும் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறையில், நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை மூச்சு இருந்தால் பூஜ்யம், 21 முதல் 24 வரை என்றால் 2, 25-ஐத் தொட்டால் 3. அந்த ஒரு எண்ணுக்காகவே நோயாளியின் மருத்துவக் குழுவை அவசரமாக வந்து பார்க்கச் சொல்லும் அளவுக்கு அது முக்கியம். எண்ணாமல் எழுதிய 20 ஓர் உயிரின் கடைசி வாய்ப்பைத் தட்டிப் பறிக்கலாம், எண்ணி எழுதிய 26 அவரைக் காப்பாற்றலாம். இந்த வேலை மாணவி கையில் இருப்பதால் அது சிறிய வேலை ஆகிவிடாது.

துடைத்துவிடுவதும் அப்படித்தான். நோயாளியின் முழு உடலையும் ஆற அமரப் பார்க்கக் கிடைக்கும் நேரம் அது ஒன்றுதான். திரும்பிப் படுக்கும்போது மூச்சு வாங்குகிறதா, முதுகின் அடிப்பகுதியிலும் குதிகாலிலும் அழுத்தினால் மறையாத சிவப்பு இருக்கிறதா, ஒரு காலில் மட்டும் வீக்கமா, கேனுலா (மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்ட இடம் சூடாக இருக்கிறதா, நேற்று பேசியவர் இன்று குழப்பமாகப் பேசுகிறாரா. இதில் ஒன்றைக் கண்டுபிடித்து, "சிஸ்டர், ஆறாம் பெட்டில் இருப்பவருக்கு மூச்சு 26, காலையில் 18 இருந்தது, பேச்சும் கொஞ்சம் குழப்பமாக இருக்கிறது, வந்து பார்க்கிறீர்களா?" என்று நீங்கள் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். வார்டில் உங்களைப் பார்க்கும் பார்வையே மாறலாம்.

அப்புறம் உங்கள் புகாரின் மறுபாதி. மாணவர்களை ஆள்பற்றாக்குறைக்கு இட்டு நிரப்பும் பழக்கம் இன்று தொடங்கியதல்ல. மருத்துவமனைகள் மாணவிகளைச் சம்பளமில்லாத ஊழியர்களாக நடத்துகின்றன என்ற குற்றச்சாட்டை 1923-இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்ட்மார்க் அறிக்கையே முன்வைத்தது. நூறு ஆண்டு ஆகியும் பல வார்டுகளில் அது தொடர்வது எனக்கு வேதனைதான். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பொது நர்சிங் படிப்புக்குக் குறைந்தது 4,600 மணி நேரம் வேண்டும், அதில் பாதியாவது கிளினிக்கல் பயிற்சியாக இருக்க வேண்டும். அதாவது வார்டு உங்கள் படிப்பின் ஒட்டுவால் இல்லை, அதுவே பாதிப் படிப்பு. எனவே கற்பித்தலைக் கேட்பது சலுகை கேட்பதாகாது. ஷிப்ட் தொடங்கும்போதே, "இன்று நான் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்) பராமரிப்பும் ஒரு ஹேண்டோவரும் (அடுத்த ஷிப்டிடம் நோயாளிகளை ஒப்படைப்பது) செய்து பார்க்க வேண்டும், யாருடன் சேர்ந்துகொள்ளட்டும்?" என்று வார்டு இன்சார்ஜிடம் கேளுங்கள். "ஏதாவது கற்றுத் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்பதைவிட இதற்குப் பலன் அதிகம்.

லாக் புக்

செய்யாததைச் செய்ததாக எழுதாதீர்கள். பிடிபட்டால் அது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரிய பொய்ப் பதிவு. பிடிபடாவிட்டால் இன்னும் மோசம். அடுத்த போஸ்டிங்கில் உங்கள் லாக் புக்கைப் பார்த்து, "இதை ஐந்து முறை செய்திருக்கிறாயே, போய்ச் செய்" என்று தனியே அனுப்பிவிடுவார்கள். அன்று எந்த வாயால் மறுப்பீர்கள்? தோழிகள்மீது எனக்குக் கோபமில்லை. எண்ணிக்கையை நிரப்பினால்தான் தேர்வு என்று வைத்துவிட்டு வாய்ப்பைக் கொடுக்காத ஏற்பாடுதான் அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளியது. அதற்காக அவர்கள் வழியில் நீங்களும் போக வேண்டியதில்லை.

பல லாக் புக்குகளில் பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்தது என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். பார்த்ததைப் பார்த்ததாக எழுதுங்கள். பிறகு காலியாக இருப்பவற்றை ஒரு தாளில் பட்டியல் போட்டு, போஸ்டிங் முடிவதற்கு முன்பே இன்ஸ்ட்ரக்டரிடம் கொடுங்கள், முடிந்த பிறகு கொடுத்தால் அது சாக்காகத் தெரியும். வேறு வார்டில் சில நாள் அனுப்பலாம், மாலை ஷிப்ட் தரலாம், ஸ்கில்ஸ் லேபில் சிமுலேஷனாக (நிஜ நோயாளி இல்லாத பாவனைப் பயிற்சியாக) செய்ய வைக்கலாம். சிமுலேஷன் என்றால் மட்டம் என்று நினைக்காதீர்கள். 2014-இல் அமெரிக்காவில் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை தரமான சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் திறன் குறையவில்லை என்று கண்டது. தரமான என்பது முக்கியம். பயிற்சி பெற்ற ஆசிரியரும், முடிந்ததும் உட்கார்ந்து பேசும் நேரமும் அதில் சேர்த்தி. அதை லாக் புக்கில் எப்படிப் பதிவது என்பதை மட்டும் கல்லூரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதோடு அந்த சார்ட் படம். யாருக்கும் அனுப்பாமல், போனிலிருந்தும் அது தானாகச் சேமித்து வைக்கும் இடங்களிலிருந்தும் அழித்துவிடுங்கள். நோயாளியின் பெயர் தெரியும் ஆவணம் உங்கள் போனில் இருப்பது ரகசியக் காப்பை மீறுவது, நோக்கம் நல்லதாக இருந்தாலும் அப்படித்தான். கேஸ் ஸ்டடிக்கு வேண்டியதைப் பெயர், பதிவு எண் இல்லாமல் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும்.

கை நடுங்குவதும் படிப்பை விடுவதும்

யாராவது பார்க்கும்போது கை நடுங்குவது தகுதிக் குறைவின் அடையாளமில்லை. இன்ஸ்ட்ரக்டரை வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறீர்கள், பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது உங்களுக்குத் தேர்வாகிவிடுகிறது. அவரிடமே சொல்லுங்கள்: "மேம், மதிப்பெண் போடாமல் ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள், எங்கே திருத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்." செய்யும்போது ஒவ்வொரு படியையும் மெதுவாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அடுத்து என்ன என்பதில் கவனம் போவதால் நடுக்கம் கொஞ்சம் அடங்கும். நோயாளிக்கும் என்ன நடக்கிறது என்று புரியும். தூக்கம் கெடுவது, சாப்பிடப் பிடிக்காமல் போவது, வார்டை நினைத்தாலே அழுகை வருவது என்று வளர்ந்தால் கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்கத் தயங்க வேண்டாம்.

விடலாமா என்ற கேள்விக்கு இப்போதே பதில் தேடாதீர்கள். நீங்கள் பார்த்திருப்பது யாரும் சொல்லித் தராத ஒரு வார்டை. ஒரு நல்ல இன்ஸ்ட்ரக்டரின் கீழ், குழந்தைகள் வார்டோ சமூக சுகாதாரமோ மனநலப் பிரிவோ, இன்னொரு போஸ்டிங் முடித்துப் பாருங்கள். இந்த போஸ்டிங்கைத் திரும்பச் செய்யச் சொன்னால்கூட அது சில வார இழப்புதான். மேற்பார்வையைப் பற்றி இன்ஸ்ட்ரக்டரிடம் பேசியும் மாறவில்லை என்றால், தேதி, நேரம், என்ன நடந்தது என்று நோயாளி விவரம் இல்லாமல் எழுதி, ஒருங்கிணைப்பாளரிடமும் அதற்கு மேல் முதல்வரிடமும் கொடுக்கலாம். மூன்று நான்கு பேர் சேர்ந்து கொடுத்தால் ஒருவரைத் தனிமைப்படுத்துவது கடினம்.

அதற்குப் பிறகும் மனம் ஒட்டவில்லை என்றால் விலகுவதில் அவமானம் எதுவுமில்லை. ஆனால் விலகல் கடிதம் கொடுப்பதற்கு முன் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரு பருவம் விடுப்பு எடுத்துவிட்டுத் திரும்ப வர முடியுமா, முடித்த பாடங்களை வேறு படிப்புக்கு மாற்றிக்கொள்ள முடியுமா. இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.